சான்று காட்டிய பித்தன்

(வத்தலக்குண்டில் மகாசிவராத்திரி விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



எல்லாம் வல்ல சிவபெருமானின் திருவருளால், மஞ்சளாறு பாயும் இவ்வத்தலக்குண்டில் மகாசிவராத்திரியின் முதற்கால வழிபாடு நிறைவுற்றது. இரண்டாங்கால வழிபாட்டிற்குக் காத்திருக்கும் இந்தப் பொழுதை இறைவன் புகழ் பேசவும் கேட்கவும் பயன்படுத்துவது நம் மரபு. இராஜமையரும் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த ஊர் இது. சிந்திப்பதற்கு அஞ்சாத ஊர். ஆதலின், சற்றே சிந்திக்க வேண்டிய பொருள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்கின்றோம்.

எந்த ஊருக்குச் சொற்பொழிவுக்குச் சென்றாலும், பேச்சு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, தூண் ஓரமாக யாரேனும் ஒரு தாய் காத்து நிற்பதுண்டு. சொல்லத் தயங்கித் தயங்கி, “சாமி, என் மகன் தனியாக உட்கார்ந்து யாருடனோ பேசுகிறான். காதில் குரல் கேட்கிறதாம். இது தெய்வம் பேசுவதா, பேய் பிடித்ததா, செய்வினையா, நோயா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையைப் பொறுத்து ஒரு பிள்ளையின் வாழ்வே நன்றாகவோ தீதாகவோ திரும்பிவிடக்கூடும். ஆகவே, தூண் ஓரத்தில் மெல்லக் கேட்கப்படும் அக்கேள்விக்கு, இச்சபை நடுவே விடை காண முயல்வோம்.

வெண்ணெய்நல்லூர்ச் சபை

நம்பியாரூரர் திருமணத்தை இறைவன் தடுத்தாட்கொண்ட வரலாறு நீங்கள் அறிந்ததே. புத்தூர்த் திருமணப் பந்தலில் ஒரு முதிய வேதியர் வந்து, “நீ எனக்கு அடிமை” என்றார். அந்தணர் ஒருவர்க்கு மற்றோர் அந்தணர் அடிமையாதல் எங்கும் கேளாத பேச்சு. ‘பித்தனோ நீர்!’ என்று ஆரூரர் நகைத்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் சென்றது.

அங்கு நடந்ததைச் சேக்கிழார் பெருமான் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகின்றார் என்பதைக் கவனியுங்கள். வந்தவர் இறைவன். அவர் நினைத்திருந்தால் அக்கணமே விடைமேல் காட்சி தந்து அனைவரையும் மயங்கச் செய்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. சபையோர் சான்று கேட்டனர். நெடுங்கால நடைமுறையாகிய ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், பிறர் கண்டு கூறும் அயலார் காட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றனர். வேதியர் மூல ஓலையை நீட்டினார். சபையோர் அதை வாங்கிப் படித்தனர். ஆரூரருடைய பாட்டனார் கைச்சாத்தை வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்தனர். அதன் பின்னரே தீர்ப்புக் கூறினர்.

இறைவனே சபை ஏறிச் சான்று காட்டினான் என்றால், நமக்கு வரும் அனுபவங்களுக்குச் சான்று கேட்பது தெய்வ நிந்தனை ஆகுமா? ஆகாது. கேளாமல் விடுவதே பிழை. “சாமி விஷயத்தில் ஆராயக் கூடாது” என்பது சைவத்தின் வாக்கு அன்று. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், பதி பசு பாசங்களை விளக்கப் புகுமுன்பே அளவை இயலை வைத்திருக்கின்றது. அளக்கும் கோல் கோணலாயின் அளந்த பொருள் எல்லாம் கோணலாகும் என்பதை நம் ஆசாரியர்கள் அறிந்திருந்தனர்.

மூன்று வேறு நிலைகள்

காண்டல், கருதல், உரை என்பன முதன்மையான அளவைகள். காண்டலிலும் குற்றம் நேரும். அந்தி மங்கலில் தோட்டத்தில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ என்று இருபாலும் ஊசலாடுவது ஐயக்காட்சி. கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபுக்காட்சி. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால், மக்கள் ‘பேய்க்கோளாறு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பது உண்மையில் மூன்று வேறு பொருள்கள் என்பது விளங்கும்.

முதலாவது பொய்க்காட்சி. கயிறும் இல்லை, ஆயினும் பாம்பு தெரிகின்றது. பேசுவார் இல்லை, ஆயினும் குரல் கேட்கின்றது. இது எவ்வாறு கூடும் என்று வியக்க வேண்டா. நாள்தோறும் நாம் கனவு காண்கின்றோம். சொப்பனாவத்தையில் கண் மூடியிருக்கும். செவி வெளியொலியைக் கொள்ளாது. ஆயினும் உயிர் காண்கின்றது, கேட்கின்றது, அஞ்சுகின்றது, அழுகின்றது. அக்கனவே நனவின் நடுவில் புகுந்தால் அது பொய்க்காட்சி. அதனைக் காண்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே கேட்கின்றது. “உனக்கு ஒன்றும் கேட்கவில்லை, நடிக்கிறாய்” என்று அவரைக் கடிவது அறியாமை.

இதற்குக் காரணங்கள் பல. கடுங்காய்ச்சலில் முதியவர் பிதற்றுவதும், இல்லாத ஆளைச் சுட்டி அஞ்சுவதும் உடல்நோயின் குறி. ஊமத்தை விதை வயிற்றினுள் சென்றாலும் அவ்வாறே. கண்ணொளி குன்றிய முதியோர்க்குச் சில வேளைகளில் மனித உருவங்களும் பூக்களும் கோலங்களும் தோன்றும். சுவிட்சர்லாந்து நாட்டறிஞர் சார்லசு போனே என்பார், கண்புரை கொண்ட தம் பாட்டனாருக்கு இவ்வாறு தோன்றியதை 1760ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அந்த முதியவர் அறிவு சற்றும் கலங்கவில்லை. அவை மெய்யல்ல என்பதை அவரே அறிந்திருந்தார்.

இவ்வட்டாரத்தார் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. பல ஆண்டு மதுவில் ஊறியவர், பழனிக்கோ சபரிமலைக்கோ மாலை அணிந்து ஒரே நாளில் குடியை நிறுத்துகின்றார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், உடல் வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்கின்றது, பாம்பு வருகின்றது என்று அலறுவார். வீட்டார், “விரதத்தில் குறை நேர்ந்தது, சாமி கோபம்” என்று எண்ணிப் பரிகாரம் தேடுகின்றனர். அன்பர்களே, அது சாமி கோபம் அன்று. பழகிய மது திடீரென்று நின்றதால் மூளை படும் கொந்தளிப்பு. உயிருக்கே இறுதியாகக் கூடிய நிலை. அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். குடியை விடுவது புண்ணியம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுவது அறிவோடு கூடிய புண்ணியம்.

இவை எவையும் இன்றி, இருபது வயதை ஒட்டிய பிள்ளை சிறிது சிறிதாகத் தனிமையை நாடி, உறக்கம் குறைந்து, குளியல் மறந்து, தன் செய்கைகளை யாரோ இருவர் தமக்குள் பேசிக்கொள்வதாகவும், தன்னை ஏவுவதாகவும் கூறுவானாயின், அது மனச்சிதைவு என்னும் நோயாக இருக்கலாம். உலகில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் காணப்படும் நோய் இது. எந்தக் குலமும் எந்தச் செல்வமும் இதற்கு விலக்கு அன்று. பெற்றோர் செய்த பாவம் என்று பிறர் கூறக் கேட்டு நாணித் தலைகுனிய வேண்டியதும் இல்லை.

இரண்டாவது, பிறர் தமக்குத் தீங்கு சூழ்கின்றார் என்னும் கொடுந்துணிவு. இதில் கண்ணும் செவியும் சரியாகவே இருக்கும். கருதல் அளவை கெட்டிருக்கும். அடுத்த வீட்டார் இருமினார். அது தமக்குக் காட்டிய குறி என்பார். வாயிலில் எலுமிச்சம்பழம் உருண்டு கிடந்தது. தம்மைக் கொல்ல வைத்த செய்வினை என்பார். வெற்றிலைக் கொடிக்காலில் ஒரு பாத்தி வாடினால், பங்காளி மருந்து ஊற்றினான் என்பார். மனைவி கொடுக்கும் சோற்றில் நஞ்சு உண்டென்று பட்டினி கிடப்பார். உலக வழக்கில் இதனைச் ‘சந்தேக நோய்’ என்கின்றோம். அப்பெயர் பொருத்தமானதுதானா? ஐயக்காட்சி உடையவன், “இதுவோ அதுவோ” என்பான். அவனுக்கு எடுத்துக் கூறினால் தெளிவான். இவருக்கோ ஐயம் என்பதே இல்லை. முழுத் துணிவே உண்டு. ஆகவே இது ஐயம் அன்று, திரிபு. ஐயத்திற்கு இடமே இல்லாது போனமைதான் இந்நோயின் அடையாளம்.

அந்தக்கரணம் நான்கனுள் மனம் பற்றும், புத்தி நிச்சயிக்கும், அகங்காரம் ‘நான்’ என்று எழும், சித்தம் சிந்திக்கும். பொய்க்காட்சியில் மனம் இல்லாததைப் பற்றுகின்றது. கொடுந்துணிவில் புத்தி நிச்சயிக்கக் கூடாததை நிச்சயிக்கின்றது. அகங்காரம் ஊடே புகுந்து, ஊரில் நிகழும் ஒவ்வொன்றும் என்னைக் குறித்தே நிகழ்கின்றது என்கின்றது. இவரோடு வாதிட்டு வெல்ல முயலாதீர்கள். சான்று காட்டக் காட்டத் துணிவு இறுகும். “ஆம், பங்காளிதான் வைத்தான்” என்று உடன்படவும் செய்யாதீர்கள். அது எரியும் தீயில் நெய் வார்ப்பது. “உனக்கு அச்சமாக இருக்கிறது என்பது தெரிகிறது, நான் உடன் இருக்கிறேன்” என்று கூறுவது ஒன்றே அப்போதைக்குச் செய்யத் தக்கது. குறி சொல்பவரிடம் சென்று, “யார் வைத்தது?” என்று கேட்டு, அவர் சுட்டிய பெயரால் இரண்டு குடும்பங்கள் தலைமுறைப் பகை கொண்ட ஊர்களை நாம் கண்டிருக்கின்றோம். நோய் ஒருவருக்கு, பகை ஊருக்கு.

மூன்றாவது, நோய் அல்லாத வியப்பான அனுபவங்கள். இரவில் விழிப்பு வருகின்றது. கை கால் அசையவில்லை. மார்பின்மேல் யாரோ அமர்ந்து அழுத்துகின்றார். அமுக்குவான் பேய் என்பர். கனவு காணும் உறக்கத்தில் உடல் தானே செயலற்றுக் கிடக்கும்படி இயற்கை அமைந்திருக்கின்றது. சில வேளை அறிவு முன்னே விழித்து, உடல் பின்னே விழிக்கின்றது. அவ்விடைவெளியே அமுக்குவான். சிறிது நேரத்தில் தானே நீங்கும். அஞ்சத் தக்கது அன்று.

கணவரை இழந்த தாய், அவர் வழக்கமாக அமரும் திண்ணையில் அவர் இருமும் ஒலியைக் கேட்கின்றார். நறுமணமோ, நிழலோ, அருகில் இருக்கும் உணர்வோ தோன்றுகின்றது. இதை வெளியில் சொன்னால் பித்தென்பார்கள் என்று அஞ்சி மறைக்கின்றார். பிரிட்டனில் வேல்சு நாட்டில் ரீசு என்னும் மருத்துவர், துணையை இழந்த 293 பேரைக் கண்டு வினவி 1971ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் இத்தகைய அனுபவம் உற்றிருந்தனர். பலர் அதுவரை எவரிடமும் அதைச் சொல்லவில்லை. அன்புடையோர் பிரிவில் உள்ளம் செய்வது அது; நோயும் அன்று, ஆவியை ஓட்டும் சடங்கும் அதற்கு வேண்டா.

இனிச் சாமி வந்து ஆடுவோர். இவரைப் பித்தர் என்று தள்ளுவதும் பிழை. திருவிழாவில், உறுமியும் உடுக்கையும் ஒலிக்க, ஊரார் நடுவே அருள் வருகின்றது. திருநீறு இட்டதும் மலையேறுகின்றது. மறுநாள் அவர் தம் வயலில் மடை திருப்பிக்கொண்டிருப்பார். வரும் காலம், இடம், நீங்கும் வகை எல்லாம் ஊர் வழக்கில் அமைந்தவை. நோய் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. திருநீறு இட்டதும் போவதும் இல்லை.

மூன்று சான்றுகள்

இவற்றைப் பிரித்தறிவது எவ்வாறு? காட்சி தெளிவாக இருந்தது என்பதைக் கொண்டு அறிய இயலாது. பொய்க்காட்சியும் தெளிவாகவே இருக்கும். காட்சியில் தெய்வம் வந்தது என்பதைக் கொண்டும் அறிய இயலாது. சைவர் வீட்டு நோயாளிக்குச் சிவனும், பிற சமயத்தார் வீட்டு நோயாளிக்கு அவர்தம் தெய்வமும் பேசக் காண்கின்றோம். ஆதலின் வெண்ணெய்நல்லூர்ச் சபையார் கேட்ட மூன்று சான்றுகளையே நாமும் கேட்போம்.

முதற்சான்று ஆட்சி. அனுபவத்திற்குப் பின் அவர் வாழ்க்கை எவ்வாறு நடைபெறுகின்றது? உண்ணுகின்றாரா, உறங்குகின்றாரா, தொழில் செய்கின்றாரா? அன்பு மிகுந்ததா, அச்சம் மிகுந்ததா? திருவருள் தோய்ந்த உள்ளம் பணியும். “உலகைக் காக்கப் பிறந்தவன் நானே, எனக்கு எதிரிகள் பலர்” என்று ‘நான்’ வளர்ந்தால் அங்கே நோயை ஐயுற வேண்டும்.

இரண்டாம் சான்று ஆவணம். நமக்கு ஆவணம் நூல். கேட்கும் குரல், “உண்ணாதே, மருந்தை எறி, தாயை அடி, உன்னை மாய்த்துக்கொள்” என்று ஏவுமானால், நம் திருமுறையும் சாத்திரமும் காட்டும் பெருங்கருணையோடு அது ஒவ்வாது. ஒவ்வாத குரல் இறைவன் குரல் அன்று. அங்கே ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாம் சான்று அயலார் காட்சி. பூசலார் நாயனார் திருநின்றவூரில் மனத்தாலே கோயில் எழுப்பினார். அதைக் காஞ்சியில் இருந்த காடவர்கோன் அறியான். ஆயினும் அவன் கனவில் இறைவன் தோன்றி, “நாளை அன்பன் கட்டிய கோயிலில் புகுகின்றோம், நீ எடுத்த கற்றளிக்கு வேறு நாள் குறிப்பாயாக” என்று அருளினான். அரசன் கனவை நம்பி வாளா இருந்தானா? திருநின்றவூருக்கே சென்றான். “பூசலார் கட்டிய கோயில் எங்கே?” என்று ஊராரைக் கேட்டான். அப்படி ஒரு கோயில் இல்லை என்றனர். பின்னர்ப் பூசலாரையே கண்டு வினவி உண்மை அறிந்தான். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் உள்ளத்தில் ஒரே நாள் குறிக்கப்பட்டிருந்தது. அரசனும் ஆராய்ந்தே பணிந்தான்.

‘அயலார்’ என்னும் சொல்லை இங்கே நன்கு கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில் ஒருவர் சொல்லைக் கேட்டுக் கேட்டு மற்றவரும் அதையே காண்பது அயலார் காட்சி ஆகாது. 2018ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள், தில்லியில் புராரி என்னும் பகுதியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 11 பேர் ஒருங்கே இறந்து கிடந்தனர். மறைந்த தந்தை தம்முள் நின்று கட்டளையிடுவதாக ஒருவர் கூற, அக்கட்டளைகளைக் குறிப்பேடுகளில் எழுதி, ஆண்டுக்கணக்காக வீட்டார் அனைவரும் பின்பற்றி வந்தமை பின்னர்த் தெரிந்தது. படித்தவர்கள், கடை நடத்தியவர்கள், அக்கம்பக்கத்தாரோடு நன்கு பழகியவர்கள். ஆயினும் வீட்டினுள் நடந்ததை ஓர் அயலாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. ஒரே ஓர் அயலார் செவியில் அது விழுந்திருந்தால்! வீட்டுக்கு வெளியே சொல்லக் கூடாது என்று எந்தத் ‘தெய்வக் கட்டளை’ கூறினாலும், அதையே முதலில் வெளியே சொல்லுங்கள்.

ஒரு தடை, விடை

இங்கே ஒரு கேள்வி எழும். “சிறுத்தொண்டர் தம் மகனையே அரிந்து கறி சமைத்தாரே, கண்ணப்பர் கண்ணை இடந்து அப்பினாரே, அவர்களை நீர் சொல்லும் அளவையால் அளந்தால் என்னாகும்?” என்பார் உளர். கேட்க வேண்டிய கேள்வியே.

திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டருக்குச் செவியில் தனித்து ஒரு குரல் கேட்கவில்லை. பைரவ அடியார் ஒருவர் பகலில் வாயிலில் வந்து நின்றார். சந்தனத்தாதியார் கண்டார், திருவெண்காட்டு நங்கை கண்டார். இது ஒன்று. இரண்டாவது, நம் சாத்திரங்களுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார், தொண்டினை மெல்வினை என்றும் வல்வினை என்றும் பகுத்துக் காட்டுகின்றது. சிறுத்தொண்டர், கண்ணப்பர் முதலியோர் செய்தவை வல்வினை. கண்டு தொழுவதற்குரியவை, நாம் செய்து பார்ப்பதற்குரியவை அல்ல. விளக்கிடுதல், பூத்தொடுத்தல், அலகிடுதல் முதலிய மெல்வினையே நமக்கு உரியது. மூன்றாவது, அவ்வரலாற்றின் முடிவை நோக்குங்கள். தந்தை அழைக்கச் சீராளன் ஓடி வந்தான். கொண்டதை மீட்டுத் தருவதற்காகவே இறைவன் வந்தான். நம் வீட்டில் ஒரு குரலைக் கேட்டு ஒருவர் கத்தி எடுத்தால், போன உயிர் மீளாது. அடியார் புராணத்தை நோய்க்குத் துணையாக்குவது அவ்வடியார்க்கே இழைக்கும் பிழை.

கோயிலும் மருத்துவமும்

“அப்படியானால் கோயிலுக்கு இதில் பங்கில்லையா?” என்பீர்கள். பெரும்பங்கு உண்டு. அதற்குச் சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கின்றது. வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என ஒன்று உண்டு. மனநோயுற்றோரை உறவினர் அங்கே அழைத்து வந்து சில வாரம் தங்குவர். பெங்களூர்த் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்து மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் மூன்று திங்கள் அங்கு வந்து தங்கிய 31 பேரை முறைப்படி ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அவர்களுள் 23 பேர் ஐயுறவோடு கூடிய மனச்சிதைவு உடையவர். அறுவர் கொடுந்துணிவு நோயினர். இருவர் எழுச்சி நோயினர். அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை, பேயோட்டும் சடங்கு இல்லை. காலையில் ஒரு சிறு பூசை. பின்னர்ச் செடிக்கு நீர் விடுதல், பெருக்குதல் போன்ற எளிய கோயிற்பணி. உடன் ஓர் உறவினர். இவ்வளவே. நோயின் கடுமையை அளக்கும் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இதனால் மருந்து வேண்டா என்று கொள்ளற்க. ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நான்கு பங்கு எஞ்சி நின்றது. அந்த ஒரு பங்கைக் குறைத்தது யாது? அச்சுறுத்தாத இடம், இழிவு செய்யாத மக்கள், கைக்கு ஒரு பணி, அருகில் ஓர் உறவு என்பதே அம்மருத்துவர் கண்ட முடிவு. இந்த நான்கையும் எந்தச் சிவாலயமும் தரலாம். எந்த வீடும் தரலாம்.

இதற்கு மாறாக நிகழ்ந்ததும் நம் தமிழ்நாட்டில்தான். 2001ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு தாயின் பிள்ளை. அந்நிகழ்ச்சிக்குப் பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. தொழுமிடத்தின் அருகிலேயே மருந்தும் தரும் திட்டம், ‘தவா துவா’ என்னும் பெயரால் அதே ஏர்வாடியில் பின்னர்த் தொடங்கப்பெற்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுற்றவரை எவ்வகையிலும் சங்கிலியிடுதலைத் தடை செய்கின்றது.

சட்டம் சொல்வதற்கு முன்பே நம் ஆசாரியர் வாழ்ந்து காட்டினர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகள் முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்தாள். திருஞானசம்பந்தர் அவளுக்காக இறைவனைப் பாடினார். மதுரையில் பாண்டியன் வெப்புநோயால் துடித்தபோது திருநீறு தடவினார். அவர் எவரையும் அடித்ததில்லை, மிளகாய்ப் புகை இட்டதில்லை, பட்டினி போட்டதில்லை. திருவள்ளுவரும் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்னும் நால்வரும் கூடியதே மருத்துவம் என்றார். பேணுபவரையும் மருத்துவத்தின் உறுப்பாக அவர் எண்ணியமை உற்றார் அனைவரும் உணரத் தக்கது.

மருந்து வேற்று நாட்டுச் சரக்கு என்று தயங்குவோர்க்கும் ஒரு சொல். நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தா மனநோயின் கொந்தளிப்பைத் தணிக்கும் என்பதைக் கணநாத சென், கார்த்திக் சந்திர போசு என்னும் வங்க மருத்துவர் இருவர் 1931ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் எழுதினர். 1952ஆம் ஆண்டில் பாரிசு நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்பட்டது. அது முதல், சுவருக்குள் அடைபட்டிருந்தோர் பலர் வீடு திரும்பினர். இன்று மேலும் பல மருந்துகள் உள்ளன. நோய் தோன்றிய தொடக்கத்திலேயே கொடுத்தால் பயன் மிகுதி. கோடாங்கியிடம் ஓராண்டு, தாயத்துக்கு ஓராண்டு, இடமாற்றத்துக்கு ஓராண்டு என்று கழித்துவிட்டு, நான்காம் ஆண்டில் மருத்துவரிடம் செல்வது, பயிர் கருகிய பின் மடை திறப்பதாகும்.

செய்யத் தக்கவை

ஆதலின் தூண் ஓரம் நிற்கும் தாய்மார்க்கு நாம் கூறுவது இதுவே. அம்மா, உங்கள் பிள்ளைக்குத் திருநீறு இடுங்கள், விளக்கேற்றுங்கள், திருமுறை ஓதுங்கள். அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். திண்டுக்கல்லிலும் மதுரையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மாவட்டந்தோறும் மனநலத் திட்டம் உண்டு. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். நடுவணரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பணி அது. உயிருக்கு இடர் தோன்றினால் 108ஐ அழையுங்கள்.

இன்றிரவிற்கும் ஒரு விதி சொல்வோம். நான்கு காலமும் கண்விழிப்பது உடல்நலம் உடையார்க்குத் தவம். மனநோய்க்கு மருந்துண்போர்க்கு உறக்கம் கெடுதல் நோயை மீண்டும் எழுப்பக்கூடும்; நீரும் உணவும் இன்றி நோற்பது சில மருந்துகளோடு பகையாகும். அவர்களை முதற்கால வழிபாட்டோடு வீட்டிற்கு அழைத்துச் சென்று, உணவும் மருந்தும் கொடுத்து உறங்கச் செய்யுங்கள். அவர்களுக்காக நீங்கள் விழித்திருங்கள். அவ்வுறக்கத்தையும் இறைவன் வழிபாடாக ஏற்றுக்கொள்வான். மருந்தை நிறுத்துவதாக வேண்டிக்கொள்ளாதீர்கள். தவறாது உண்பதாக வேண்டிக்கொள்ளுங்கள்.

மற்றுமொன்று. தெருவில் தனக்குத்தானே பேசிச் செல்பவரைக் கண்டு பிள்ளைகள் கல்லெறியக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள். ‘பித்தன்’ என்ற பெயரை வசையாகக் கொள்ளாமல், அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்று சுந்தரரைப் பணித்தவன் நம் இறைவன். அப்பெயரைத் தன் பெயராக ஏற்றவனைத் தொழும் நாம், அப்பெயரால் ஒருவரை இழித்துரைத்தல் தகுமோ?

மெய்யைப் பொய்யினின்று பிரித்துக் காட்டும் அறிவையும், பிரித்தறிய இயலாது தவிப்பாரைத் தாங்கும் அன்பையும் சிவபெருமான் நம் அனைவர்க்கும் அருளுவானாக! பிணியுற்றார் தெளிவு பெறுக! பேணுவார் தளராதிருக்க! ஊர் ஒன்றுபட்டு வாழ்க!

திருச்சிற்றம்பலம்